எம்.பி. டிராக்: மனு டைப் அடிப்பவள் எழுதும் விமர்சனம்

எங்கள் கடை தாலுகா ஆபீசுக்கு நேர் எதிரே இருக்கிறது. அப்பா காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். எட்டு மிஷின் ஓடிய இடத்தில் இப்போது இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன், அப்புறம் நான். மனு டைப் அடிக்கப் பக்கத்துக்கு முப்பது ரூபாய். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று எல்லாம் வரும். அனுப்புநர், பெறுநர், பொருள் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே அடித்துவிடுவேன். 'பார்வை' என்ற வரியை மட்டும் பெரும்பாலும் அழித்துவிட வேண்டியிருக்கும். முன்பு நடந்த கடிதப் போக்குவரத்தின் எண்ணையும் தேதியையும் அங்கே போட வேண்டும். சாதாரண ஜனத்திடம் அதெல்லாம் ஏது?

வாரத்துக்கு ஒரு மனுவாவது எம்.பி.க்குப் போகும். 'மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள்' என்று ஆயிரம் தடவையாவது அடித்திருப்பேன். அந்த மாண்புமிகு டெல்லியில் போய் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர் எங்கள் கடையின் நிரந்தர வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற சமூக அறிவியல் வாத்தியார். எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் நிற்க வேண்டும் என்று ஆண்டுக்கு மூன்று மனு போடுகிறவர். என் கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு ஃபைல் இருக்கிறது. பெயர் 'ரயில் நிறுத்தம் இறுதி 7'. இறுதி என்று பெயர் வைத்த பிறகு ஏழு தடவை மாற்றியிருக்கிறோம்.

2024 தேர்தலுக்கு முன்னால் ஒருநாள் மனுவைக் கையெழுத்துப் போட்டு மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, நம்ம எம்.பி. இதைப் பத்தி அங்க வாயத் திறந்திருக்காரா இல்லையா, அதைப் பார்க்க வழியே இல்லையா?"

தேடினேன். அப்படித்தான் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பின் எம்.பி. டிராக் கிடைத்தது. "பி.ஆர்.எஸ்.ஸா? அந்தத் தெலங்கானா கட்சியாம்மா?" என்றார் சார். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துதானே, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இது கட்சி இல்லை. 2005இல் டெல்லியில் தொடங்கிய, லாப நோக்கமில்லாத ஆய்வு நிறுவனம். மசோதாக்களைப் படித்துச் சுருக்கம் எழுதுவது இவர்களுடைய முக்கிய வேலை. எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் என்ன செய்தார்கள் என்று கணக்கு வைக்கும் எம்.பி. டிராக் அதில் ஒரு பகுதி. காசு கிடையாது, பதிவு கிடையாது, ஓ.டி.பி. கிடையாது. இந்தக் காலத்தில் போன் நம்பர் கேட்காத ஒரு தளத்துக்கு அதற்காகவே ஒரு மார்க் தனியாகப் போடலாம்.

உள்ளே போனால் மாநிலம், தொகுதி, கட்சி என்று வடிகட்டித் தேடலாம். தமிழ்நாட்டுக்கு 39 பேர், புதுச்சேரிக்கு ஒருவர். மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் பக்கம் உண்டு. நம்முடைய ஆளைத் தட்டினால் படம், வயது, படிப்பு, கட்சி. அதற்குக் கீழேதான் சரக்கு இருக்கிறது: வருகை எத்தனை சதவீதம், விவாதங்கள் எத்தனை, கேள்விகள் எத்தனை, தனிநபர் மசோதா எத்தனை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே தேசிய சராசரி, மாநில சராசரி. பள்ளிக்கூட ரேங்க் கார்டில் வகுப்பு சராசரி போடுவது மாதிரி.

சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதலில் பார்த்தது வருகை. எல்லாரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எனக்கு என்னவோ இந்தப் பக்கத்திலேயே பலன் குறைந்த எண் அதுதான் என்று தோன்றுகிறது. 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவை 274 நாள் கூடியது. உறுப்பினர்களின் சராசரி வருகை 79 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வருகை என்பது அவைக்கு வெளியே லாபியில் இருந்த ஏட்டில் போட்ட கையெழுத்து. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பினாலும் வருகை வருகைதான். அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 பேர். சாயங்காலம் நாடாளுமன்றத்தைக் காட்டும் சன்சாத் டிவி போட்டுப் பாருங்கள், காலி பெஞ்சுகளைக் கேமரா எவ்வளவு சாமர்த்தியமாகத் தவிர்க்கிறது என்று தெரியும். நூறு நாள் வேலைக்குப் போன எங்கள் தெருப் பெண்களைக் காலையில் ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை என்று செயலியில் போட்டோ எடுத்து வருகை போட்டார்கள். அவர்களிடம் இந்த லாபி ஏட்டைப் பற்றிச் சொன்னபோது சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

2024இல் ஏட்டுக்குப் பதில் டேப்லட்டில் மின்பேனாவால் கையெழுத்து என்று ஆனது. 2025 மழைக்காலக் கூட்டத்தொடரிலிருந்து இருக்கையில் உள்ள கருவியிலேயே பதிவு செய்யலாம் என்று வந்திருக்கிறது. போகப்போக அந்த எண்ணுக்குக் கொஞ்சம் உயிர் வரலாம். அதுவரை, 'நாடாளுமன்றத்தில் 95 சதவீத வருகை' என்று ஃபிளெக்ஸ் அடிப்பதைப் பார்த்து யாரும் அசந்துபோக வேண்டாம். பக்கத்துக் கடை ஃபிளெக்ஸ் கடைதான், அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்தது கேள்விகள். இதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. தட்டினால் ஒரு நீண்ட பட்டியல் விரிகிறது: தேதி, தலைப்பு, நட்சத்திரக் கேள்வியா இல்லையா, எந்த அமைச்சகம். நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாததற்கு எழுத்தில் மட்டும் பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, மற்றவை 230. ஒரு உறுப்பினருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்துக்கு மேல் வராது, அதில் நட்சத்திரம் ஒன்றுதான். குறைந்தது 15 முழு நாள் முன்னாலேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிறகு குலுக்கல். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குழு என்று வைத்திருக்கிறார்கள். ரயில்வே கேள்வி என்றால் மக்களவையில் புதன்கிழமை. சார் மனு போடுவதற்கு இனிமேல் கிழமை பார்ப்பார் என்று நினைக்கிறேன், ராகுகாலத்தோடு சேர்த்து.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் பட்டியலைப் பார்த்தால் எண்ணிக்கையின் மீது இருக்கும் மயக்கம் கொஞ்சம் தெளியும். நட்சத்திரம் குலுக்கலில் விழுவது. நட்சத்திரமில்லாத கேள்வியை உதவியாளர் தயார் செய்து கொடுத்தாலும் எம்.பி. பெயரில்தான் கணக்கு. ஒரே கேள்வியை ஆறேழு உறுப்பினர்கள் சேர்ந்து கேட்டிருப்பார்கள், எல்லார் கணக்கிலும் ஒன்று ஏறும். அதனால் நான் எண்ணைப் பார்ப்பதில்லை, தலைப்பைப் பார்க்கிறேன். எங்கள் எம்.பி.யின் கேள்விகளை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நோட்டில் பிரித்து எழுதினேன். நாலு கோடு போட்டு, எங்கள் தொகுதி, தமிழ்நாடு, நாடு முழுவதற்கும், அப்புறம் 'யாருக்கோ' என்று தலைப்பு வைத்தேன். யாருக்கோ என்ற பத்தி நான் நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. தொகுதிப் பத்தியும் சின்னதுதான். நாடு முழுவதற்கும் என்ற பத்தியில் இடமே போதவில்லை. அது தப்பில்லை, அங்கே போவது அதற்கும்தான் என்று சார் எனக்கே பாடம் எடுத்தார்.

பதில் வேண்டுமென்றால் தலைப்பையும் தேதியையும் எடுத்துக்கொண்டு நாடாளுமன்றத்தின் சொந்தத் தளமான டிஜிட்டல் சன்சாத்துக்குப் போக வேண்டும். பி.டி.எஃப். இருக்கும். மேலே கேள்வி அ, ஆ, இ என்று உறுப்பு உறுப்பாக இருக்கும். கீழே 'அ முதல் ஈ வரை' என்று ஒரே மூச்சில் பதில். சில பதில்களில் ஒரு வரியும் இருக்காது, 'அறிக்கை அவையின் முன் வைக்கப்படுகிறது' என்று சொல்லி இணைப்பைக் காட்டும். அந்த இணைப்பில்தான் மாவட்டவாரியாக, மாநிலவாரியாக அட்டவணை கிடைக்கும். அதைக் கட்டாயம் திறந்து பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி முப்பது நாள் காத்திருந்து கேட்கிற விவரம் சில நேரம் அங்கே சும்மா கிடக்கும். என்னிடம் ஆர்.டி.ஐ. மனு அடிக்க வந்த இரண்டு பேருக்கு இப்படி எடுத்துக் கொடுத்து அறுபது ரூபாய் வருமானத்தை நானே கெடுத்துக்கொண்டேன். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று பதில் இருந்தால் அதையும் குறித்து வையுங்கள். அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைப் பார்க்க ஒரு குழுவே இருக்கிறது.

இங்கே என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். 2024 தேர்தல் நேரம். வியாபாரிகள் சங்க வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு அட்டவணை கேட்டார்கள். பத்து எம்.பி.க்கள், வருகை, விவாதம், கேள்வி. நானும் ஆர்வக்கோளாறில் கலர் கலராகக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அதில் வேறு மாநிலத்து மத்திய அமைச்சர் ஒருவர் பெயரும் இருந்தது. அவர் கட்டத்தில் எண்ணே இல்லை. காலியாக விட்டால் அசிங்கமாக இருக்கிறதே என்று எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டேன். 'ஐந்து வருடம், ஒரு கேள்விகூட இல்லை!' என்று யாரோ தலைப்பு வைத்து ஊர் முழுக்க ஃபார்வர்டு ஆகிவிட்டது. மறுநாள் கோர்ட்டுக்குப் போகிற வழியில் வக்கீல் குமாஸ்தா அண்ணன் வண்டியை நிறுத்தினார். "ஏன் தங்கச்சி, பதில் சொல்ல வேண்டிய ஆளே தனக்குத்தானே கேள்வி கேட்டுக்குவாரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தளத்தின் மேல் பிழை சொல்ல முடியாது. அமைச்சர்கள் அரசின் சார்பில் பேசுகிறவர்கள் என்பதால் அவர்களுடைய விவாதம், கேள்வி கணக்கில் எடுக்கப்படுவதில்லை, அவர்கள் வருகை ஏட்டில் கையெழுத்திடுவதும் இல்லை என்று பி.ஆர்.எஸ்.காரர்களே குறிப்புப் போட்டிருக்கிறார்கள். சபாநாயகருக்கும் கையெழுத்து கிடையாது, எதிர்க்கட்சித் தலைவருக்கும் கட்டாயமில்லை. குறிப்பைப் படிக்காமல் கட்டத்தைப் படித்தது நான். இந்தத் தளத்தைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு என் முதல் புத்திமதி: அடிக்குறிப்பைப் படியுங்கள். இல்லாவிட்டால் எங்கள் ஊரில் இன்னும் என்னைக் கூப்பிடுவது மாதிரி 'பூஜ்யம் அக்கா' என்று பேர் வந்துவிடும்.

விவாதங்கள் என்ற எண்ணிலும் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. பட்ஜெட் மீது இருபது நிமிடம் பேசினாலும் ஒன்று, நேரமில்லா நேரத்தில் (ஜீரோ ஹவர்) எழுந்து ஊர்ப் பிரச்சினையை ஒரு நிமிடத்தில் சொல்லி உட்கார்ந்தாலும் ஒன்று. கட்சியின் பலத்தை வைத்துத்தான் பேச நேரம் ஒதுக்குவார்கள். சின்னக் கட்சிக்காரர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடிக்கும். எனவே இதிலும் எண்ணை விட்டுவிட்டு வகையைப் பாருங்கள். எது மசோதா மீதான பேச்சு, எது நேரமில்லா நேரம், எது விதி 377 என்று பட்டியலில் தனித்தனியாகக் காட்டுகிறார்கள்.

அந்த விதி 377தான் எங்கள் கதைக்குத் திருப்பம். சார் சொன்னபடி எங்கள் எம்.பி.யின் பக்கத்தில் ரயில், ரயில் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. "பார்த்தியா, நான் சொல்லலே" என்று சார் கிளம்பிவிட்டார். ராத்திரி கடையைப் பூட்டுகிற நேரத்தில்தான் உறைத்தது. இவர் இரண்டாவது தடவையாக ஜெயித்தவர். நான் பார்த்தது 18ஆவது மக்களவைப் பக்கம். ஒவ்வொரு மக்களவைக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள். 17ஆவதுக்குப் போய் அவர் பெயரைத் தட்டி, விவாதங்களைத் திறந்து, கீழே கீழே இறங்கினேன். இருந்தது. 2022ஆம் வருடத்துத் தேதி. எங்கள் ஊர் பெயரே தலைப்பில், ஆங்கில எழுத்தில், ஒரு எழுத்துப் பிழையோடு. வகை: விதி 377இன் கீழ் எழுப்பிய விஷயம்.

காலை ஏழு மணிக்குச் சாருக்குப் போன் போட்டேன். பல்கூடத் தேய்க்காமல் வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மூன்று வருடமாக எம்.பி.யை டீக்கடையில் வைத்துத் திட்டிய மனிதர். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "மூணு வருஷமா... சொல்லியிருக்கலாமேம்மா அந்த மனுஷன்" என்றார். அது நியாயமான கேள்விதான். ஆறு தடவை ஃபிளெக்ஸ் அடித்தவர்கள் இதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம்.

விதி 377 என்பது வேறு எந்த விதியிலும் அடங்காத பொது விஷயத்தை மக்களவையில் எழுப்ப உள்ள வழி. சுருக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒன்று. அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல மாட்டார். பிறகு அந்த உறுப்பினருக்குக் கடிதம் அனுப்புவார். இங்கேதான் எம்.பி. டிராக்கின் கை எட்டாத இடம் வருகிறது. எழுப்பினார் என்பது வரைக்கும் தளம் காட்டும். என்ன பதில் வந்தது என்பது எம்.பி. ஆபீஸ் பீரோவில் இருக்கும்.

சாரோடு நானும் போனேன். இத்தனை வருடமாகப் போனபோதெல்லாம் "அண்ணன் டூர்ல இருக்காரு, மனுவை வச்சுட்டுப் போங்க" என்பதுதான் கிடைத்த பதில். இந்தத் தடவை சார் மனு கொடுக்கவில்லை. பிரிண்ட் அவுட்டை மேஜையில் வைத்து, "இந்தத் தேதியில எழுப்பினதுக்கு அமைச்சர் எழுதின பதில் வேணும் தம்பி" என்றார். உதவியாளர் பையன் தாளை இரண்டு தடவை பார்த்தான். உட்காரச் சொன்னான். டீ வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பழைய பாக்ஸ் ஃபைலிலிருந்து கடிதமும் வந்தது. இரண்டு பத்தி, ஆங்கிலம், கீழே அமைச்சரின் கையெழுத்து. பரிசீலித்தோம், ஸ்டேஷனில் விற்கும் டிக்கெட் வருமானத்தைப் பார்த்தால் இப்போதைக்கு நிறுத்தம் கொடுக்க இயலவில்லை என்பதுதான் சாரம். மறுப்புதான். ஆனால் சார் முகத்தில் ஒரு தெளிவு. காரணம் தெரிந்துவிட்டதல்லவா? இனிமேல் மனுவில் அதற்குப் பதில் எழுதலாம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை மொழி. பக்கம் முழுக்க ஆங்கிலம். என்னை மாதிரி டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவளுக்கே 'அன்ஸ்டார்ட்' என்றால் நட்சத்திரமில்லாதது என்று புரியப் பத்து நிமிடம் ஆனது. இலங்கையில் இதே வேலைக்கு மந்திரி.எல்கே என்று ஒன்று தொடங்கினார்கள், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும். அவ்வளவு சின்ன நாட்டில் முடிந்தது இங்கே முடியாதா? குறைந்தபட்சம் அந்த நாலு தலைப்பையும் அடிக்குறிப்பையும் தமிழில் போட்டால் பாதிப் பேர் பூஜ்யம் போடாமல் தப்பிப்பார்கள்.

இதில் பி.ஆர்.எஸ்.ஸை மட்டும் சொல்லிப் பயனில்லை, மூலமே அப்படித்தான் இருக்கிறது. எங்கள் எம்.பி. மக்களவையில் தமிழில்தான் பேசுவார். அவர் பேச்சை எழுத்தில் தேடிப் போனால் நடவடிக்கைக் குறிப்பில் ஆங்கிலத்தில் கிடக்கிறது. ஒரு நட்சத்திரக் குறி போட்டு, 'தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு' என்று அடியில் குறித்திருக்கிறார்கள். தமிழில் பேசியதைத் தமிழில் படிக்க வழியில்லை. சன்சாத் டிவியின் யூடியூப் பக்கத்தில் அந்த நாளைத் தேடி, நேரத்தைத் தள்ளித் தள்ளிக் காதால்தான் கேட்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் கேட்டோம். எழுத்தில் தட்டையாக இருந்த பேச்சு, காதில் கேட்டபோது பழமொழியும் கிண்டலுமாக எவ்வளவு காரமாக இருந்தது தெரியுமா? அந்தக் காரம் எந்த எண்ணிலும் வராது.

இரண்டாவது, ஓட்டு. ஒரு மசோதாவுக்கு நம் ஆள் ஆதரவாகக் கை தூக்கினாரா எதிராகவா என்பது இந்தப் பக்கத்தில் இருக்காது. இங்கிலாந்தில் 2004லிருந்து நடக்கும் 'தே வர்க் ஃபார் யூ' தளத்தில் எம்.பி. எப்படி ஓட்டுப் போட்டார் என்பதுதான் பெரிய விஷயம். அவர் பேசினாலே நமக்கு மின்னஞ்சல் வரும்படியும் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஏன் அப்படி இல்லை என்றால், பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. 'ஆம் என்போர் ஆம் என்க' முடிந்தது, யார் சொன்னது என்று ஏடு கிடையாது. யாராவது வாக்குப் பிரிவு கேட்டால்தான் பெயர்வாரியாகப் பதிவாகும். அப்போதும் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தால் கொறடா சொன்னபடி போடாவிட்டால் பதவி போகும். ஆகவே எண்ணுவதற்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

மூன்றாவது, நிலைக்குழுக்கள். துறைசார்ந்த குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கேமரா இல்லாத இந்த அறைகளில்தான் கட்சிக் கரை கொஞ்சம் மறந்து வேலை நடக்கும் என்பார்கள். அங்கே ஒருவர் உழைத்த உழைப்பு எம்.பி. டிராக்கின் நாலு கட்டத்தில் எதிலும் விழாது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி, அதுவும் இங்கே இல்லை. அதற்கு வேறு தளம். சமுதாயக்கூடம் எங்கே, ஹைமாஸ் விளக்கு எங்கே என்று தேடுகிறவர்கள் இங்கே வந்து ஏமாற வேண்டாம்.

தனிநபர் மசோதா எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது தனிநபர் மசோதா. வெள்ளிக்கிழமை பிற்பகலில் அதற்கு இரண்டரை மணி நேரம். சுதந்திரத்துக்குப் பிறகு இதுவரை சட்டமானவை 14, கடைசியாக ஆனது 1970இல். பிறகு எதற்கு இதை எண்ணுகிறார்கள் என்று நானும் கேட்டேன். சார்தான் ஞாபகப்படுத்தினார்: 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது சட்டமாகவில்லை. ஆனாலும் பிறகு 2019இல் அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. ஆக, ஒருவர் கணக்கில் 'ஒன்று' என்று இருந்தால் அது என்ன ஒன்று என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு எதிராக இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். இந்த எண்களை வைத்துப் பரிசே கொடுக்கிறார்கள். சன்சாத் ரத்னா என்ற அந்த விருதை அப்துல் கலாம் சொன்ன யோசனைப்படி 2010இல் சென்னையிலிருந்துதான் தொடங்கினார்கள், பிரைம் பாயின்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு. பி.ஆர்.எஸ். தொகுக்கும் கணக்குதான் அதற்கு அடிப்படை. பரிசு இருந்தால் பிள்ளைகள் படிக்கும். மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கிற பிள்ளைகளும் இருக்கும். 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தார்களே, அப்போது அவர்கள் கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து போய்விட்டன. ஒரு கூட்டத்தொடரின் எண் திடீரென்று விழுந்திருந்தால் ஆள் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அந்த மாதத்துப் பேப்பரையும் புரட்டுங்கள். 2020 செப்டம்பரில் கொரோனா கூட்டத்தொடரில் கேள்வி நேரமே இல்லாமல் போனது, எழுத்துப் பதில் மட்டும்தான். அந்த வருடத்தில் நட்சத்திரக் கேள்வி குறைவு என்று யாரையும் பிடித்து ஏசக்கூடாது.

மார்க் கேட்டால் ஐந்துக்கு நாலு போடுவேன். அரை மார்க் தமிழ் இல்லாததற்குக் குறைத்தேன், அரை மார்க் குழுக்கள் இல்லாததற்கு. செல்போனில் பார்ப்பதைவிடக் கம்ப்யூட்டரில் பார்ப்பது சுகம், பட்டியல்கள் நீளம். கூட்டத்தொடர் நடந்துகொண்டிருக்கும்போது தினமும் போய்ப் பார்க்காதீர்கள். பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று ஆண்டுக்கு மூன்று. ஒவ்வொன்றும் முடிந்து சில நாள் விட்டுப் பார்த்தால் போதும். உங்கள் ஊர் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத் தப்பாக எழுத முடியுமோ அத்தனை விதத்திலும் தேடுங்கள்.

போன வாரம் சார் வந்தார். ஸ்டேஷனில் ஆறு மாதம் விற்ற டிக்கெட் கணக்கு, பக்கத்து ஊர் காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார். 'ரயில் நிறுத்தம் இறுதி 8' திறந்தேன். பெறுநர், பொருள் அடித்துவிட்டு வழக்கம்போலப் 'பார்வை'யை அழிக்கப் போனேன்.

"இரும்மா, அதை அழிக்காதே" என்றார். ஒன்று, விதி 377இன் கீழ் எழுப்பிய நாள். இரண்டு, அமைச்சரின் கடித எண், நாள். மூன்று, அதே கூட்டத்தொடரில் வேறொரு எம்.பி. வேறொரு ஊர் நிறுத்தத்துக்காகக் கேட்ட நட்சத்திரமில்லாக் கேள்வியின் எண். அதைச் சார் தானாகவே தேடிப் பிடித்திருக்கிறார். மூன்று வரி கூடியதில் மனு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அறுபது ரூபாய் என்றேன்.

"பார்வைக்கும் காசாம்மா?" என்றார் சார்.